மேலுறையில் எழுதியிருந்தது

போன மாதம் வந்த ஒரு குழாயில் பெயரைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றுவிட்டது. ஊதா மூடி, உள்ளே 3 மில்லி ரத்தம், வயது 77, ஆண். இதே மனிதரின் ரத்தம் என் மேசைக்கு முதன்முதலில் வந்தது 2004-ல். அப்போது அவருக்கு 57. பள்ளியில் கணக்கு வாத்தியார். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 41,000 என்று வந்து வீட்டையே கலங்கடித்திருந்தது. ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லை. காய்ச்சல் இல்லை, இளைப்பு இல்லை, தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு வந்திருந்தது நாட்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய். எங்கள் வட்டாரத்தில் சி.எல்.எல். என்றால் போதும். பி லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களில் ஏதோ ஒன்று கட்டு மீறி, தன்னைப் போலவே அச்சு எடுத்த அணுக்களை லட்சம் லட்சமாக உண்டாக்கிவிடும் நோய். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரியவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். நம் நாட்டில் குறைவு. அங்கே போய்க் குடியேறிய ஆசியர்களிடமும் குறைவாகவே இருப்பதால் காரணம் சோற்றிலோ தண்ணீரிலோ இல்லை, பரம்பரையில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

இந்த நோயைப் போல ஆளுக்கு ஆள் வேறு முகம் காட்டும் புற்றுநோய் அதிகம் இல்லை. ஒருவர் இதைச் சுமந்துகொண்டே 25 வருஷம் வாழ்ந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, கடைசியில் வேறு ஏதோ காரணத்தால் காலமாவார். இன்னொருவரை மூன்றே வருஷத்தில் கொண்டுபோய்விடும். இரண்டு பேர் ரத்தத்தையும் ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே சின்ன உருண்டை அணுக்கள். உட்கரு, கோடையில் வற்றிய குளத்து மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடப்பதுபோல இருக்கும். இடையிடையே, ஸ்லைடில் இழுக்கும்போதே உடைந்து நசுங்கி, ஊதா நிறத்தில் மைக்கறை போலப் பரவிக் கிடக்கும் சிதைந்த அணுக்கள். ஸ்மட்ஜ் செல் என்போம். ஜெர்மானிய மருத்துவர் கும்ப்ரெக்ட் 1896-லேயே இவற்றை விவரித்துவிட்டார். அவர் பெயரால் கும்ப்ரெக்ட் நிழல் என்றும் சொல்வதுண்டு. நாங்கள் படித்த காலத்தில் அதை 'ஆர்டிஃபேக்ட்' என்று ஒதுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சாய வேலையில் வந்த பிசகு, எண்ணிக்கையில் சேர்க்காதே என்று அர்த்தம்.

சரி, யாருக்கு 25 வருஷம், யாருக்கு மூன்று? இதைத்தான் எல்லா நோயாளிகளும் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் காலத்து மருத்துவரிடம் இதற்கு இருந்த கருவி விரல்தான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, அக்குளில் உண்டா, தொடை இடுக்கில் உண்டா? நோயாளியைப் படுக்கவைத்து மூச்சை இழுக்கச் சொல்லி, இடது விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். இந்த விரல் வேலைக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தவர் காந்தி ராய். ஜோத்பூரில் பிறந்து, ஜெய்ப்பூரில் மருத்துவம் படித்து, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் பணிபுரிந்தவர். 1975-ல் 125 நோயாளிகளின் விவரங்களை வைத்து அவரும் சகாக்களும் நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். ரத்தத்தில் லிம்ஃபோசைட் கூடியிருப்பது மட்டும் என்றால் நிலை 0. நெறி கட்டினால் 1. மண்ணீரலோ கல்லீரலோ வீங்கினால் 2. ரத்தசோகை வந்தால் 3. தட்டணு குறைந்தால் 4. நோயாளிகளில் சரிபாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் நிலை 0-ல் 150 மாதம், 1-ல் 101, 2-ல் 71. மூன்றிலும் நான்கிலும் 19 மாதம்தான். 1981-ல் பிரான்ஸின் ழாக்-லூயி பினே ஏ, பி, சி என்று மூன்றாகச் சுருக்கி இன்னொரு வரிசை தந்தார். ஐரோப்பா அதைப் பிடித்துக்கொண்டது, அமெரிக்காவும் நாமும் ராய் வரிசையிலேயே நின்றோம்.

ஒரு நயா பைசா செலவில்லாத பரிசோதனை. கையும் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கையும் போதும். வசதியில்லாத ஊர்களின் மருத்துவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை இருந்தது. நோய் முற்றிய பிறகு முற்றிவிட்டது என்று அது சரியாகச் சொல்லும். நிலை 0-ல், சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. ஆரம்ப நிலையில் இருக்கும் நோயாளிகளுக்கு எதற்கும் இருக்கட்டும் என்று குளோராம்புசில் மாத்திரையை ஆரம்பித்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். ஆகவே 'பார்த்துக்கொண்டே காத்திருப்போம்' என்பதுதான் வைத்தியம். ஒரு மனிதரிடம் உங்களுக்குப் புற்றுநோய், ஆனால் மருந்து கிடையாது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்புவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

ராய் தன் வரிசையை வெளியிட்ட அதே 1975-ல்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒற்றைப்படி ஆன்ட்டிபாடியை வேண்டிய அளவு செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்ட்டிபாடி. 1984-ல் அதற்கு நோபல் பரிசு வந்தது. அதுவரை ஒரு லிம்ஃபோசைட் எந்தச் சாதி என்று அறிய நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். செம்மறியாட்டின் சிவப்பணுவோடு கலந்து வைப்பார்கள். அது சுற்றிலும் வந்து பூப்போல ஒட்டிக்கொண்டால் டி அணு. சுண்டெலியின் சிவப்பணு ஒட்டினால் சி.எல்.எல். வகைப் பி அணுவாக இருக்கக்கூடும். ஆட்டு ரத்தமும் எலி ரத்தமும் வைத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் பூக்களை எண்ணி மனித நோயைக் கண்டுபிடித்த காலம் அது.

ஆன்ட்டிபாடி கைக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்றைச் செய்து ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஒரே புரதத்துக்கு நாலு பெயர். 1982-ல் பாரிஸில் கூடி, கிளஸ்டர் ஆஃப் டிஃபரன்ஷியேஷன் என்பதன் சுருக்கமாக சி.டி. என்று வைத்து எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். அணுவின் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் போல ஒரு எண்.

அதிலும் சி.எல்.எல். ஒரு புதிர் போட்டது. இன்று சி.டி. 5 என்று சொல்லும் புரதம் டி அணுக்களுக்கே உரியது என்று நம்பி அதற்கு ஆன்ட்டிபாடி செய்திருந்தார்கள். சி.எல்.எல். நோயாளியின் பி அணுக்கள்மேல் அதைப் போட்டால் அங்கேயும் ஒட்டியது. முதலில் தவறு என்றே பலர் நினைத்திருப்பார்கள். பிறகு அந்தத் 'தவறே' இந்த நோயின் அங்க அடையாளமாயிற்று. 1994-ல் லண்டனிலிருந்து எஸ்டெலா மாட்டுட்டெஸும் டேனியல் கடோவ்ஸ்கியும் அவர்கள் குழுவினரும் ஐந்து அடையாளங்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் என்று ஒரு கணக்கைத் தந்தார்கள். சி.டி. 5 இருந்தால் ஒன்று, சி.டி. 23 இருந்தால் ஒன்று, எஃப்.எம்.சி. 7 இல்லாவிட்டால் ஒன்று, மேலுறை இம்யூனோகுளோபுலின் மங்கலாக இருந்தால் ஒன்று, சி.டி. 22 மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் ஒன்று. நாலோ ஐந்தோ வந்தால் சி.எல்.எல். உறுதி.

இதைப் பார்க்கும் இயந்திரம் ஃப்ளோ சைட்டோமீட்டர். ரத்தத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்ட்டிபாடிகளைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கால் மணி நேரம் இருட்டில் வைக்கவேண்டும். வெளிச்சம் பட்டால் சாயம் செத்துவிடும். பிறகு சிவப்பணுக்களை உடைக்கும் திரவம். கலங்கலாக இருந்த குழாய் ஒரு நொடியில் கண்ணாடிபோலத் தெளியும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்தத் தெளிவு எனக்கு அலுத்ததில்லை. இயந்திரத்துக்குள்ளே அணுக்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நீல லேசரைத் தாண்டிப் போகும். தாண்டும்போது எது பச்சையாக மின்னியது, எது ஆரஞ்சாக மின்னியது என்று திரையில் புள்ளி விழும். நல்ல ரத்தத்தில் டி அணுக்கள் ஒரு மூலையில், பி அணுக்கள் இன்னொரு மூலையில் நிற்கும். பி அணுவின் அடையாளமான சி.டி. 19, அதோடு சி.டி. 5 இரண்டும் சேர்ந்து மின்னும் மேல் வலது கட்டம் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். சி.எல்.எல். என்றால் அந்தக் கட்டத்தில் அப்பிய மேகம்போலப் புள்ளிகள் குவியும். கப்பா, லாம்டா என்ற இரண்டு சங்கிலிகளில் நல்ல பி அணுக்கள் கலந்துகட்டி இருக்க, இவையோ எல்லாமே கப்பா அல்லது எல்லாமே லாம்டா. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு அதுதான் சாட்சி.

என்ன நோய் என்று சொல்லத் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் என்பது மட்டும் அப்படியே நின்றது.

அதற்கு ஒரு வழி 1999 செப்டம்பரில் பிறந்தது. 'பிளட்' என்ற ஆய்விதழின் ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு கட்டுரைகள். ஒன்று லாங் ஐலண்டிலிருந்து: டாம்லே, கியோராட்ஸி, கூடவே நம் காந்தி ராய். இன்னொன்று இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து: போர்ன்மத் மருத்துவமனையின் டெர்ரி ஹாம்ப்ளின், சவுத்தாம்ப்டனின் ஃப்ரீடா ஸ்டீவென்சன். போர்ன்மத் ஓய்வுபெற்றவர்கள் வந்து தங்கும் கடலோர ஊர். முதியவர்களுக்கு வரும் நோயைப் பல வருஷம் விடாமல் கவனிக்க அதைவிடப் பொருத்தமான ஊர் வாய்க்காது. இரண்டு குழுவும் கண்டது ஒன்றுதான். பி அணு தன் ஆன்ட்டிபாடியைச் செய்யும் ஜீன் ஒன்று உண்டு, ஐ.ஜி.எச்.வி. என்பார்கள். கிருமியைச் சந்தித்து அனுபவப்பட்ட பி அணு அந்த ஜீனில் அங்கங்கே எழுத்தை மாற்றிக்கொள்ளும். பிறப்பில் இருந்த எழுத்திலிருந்து 2 சதவீதமோ அதற்கு மேலோ மாறியிருந்தால் 'மாறியது', இல்லாவிட்டால் 'மாறாதது'. மாறாத ஜீன் உள்ள நோயாளிகளுக்கு நோய் வேகம். ஜீன் மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் நடுங்குவோம், இங்கே மாற்றம்தான் நல்ல சேதி. ஹாம்ப்ளின் ஆராய்ந்த 84 பேரில், மாறாதவர்களின் இடைநிலை ஆயுள் 117 மாதம், மாறியவர்களுக்கு 293 மாதம். இரண்டு வேறு நோய்களோ என்று கேட்கும் அளவுக்கு இடைவெளி.

ஆனால் ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்க அன்று எத்தனை ஆய்வுக்கூடங்களால் முடியும்? லாங் ஐலண்டுக் கட்டுரை எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் காட்டியது. மாறாத ஜீன் உள்ள அணுக்களின் மேலுறையில் சி.டி. 38 என்ற புரதம் அதிகமாகத் தெரிகிறது. நோயணுக்களில் 30 சதவீதமோ அதற்கு மேலோ அதை ஏந்தியிருந்தால் ஜாக்கிரதை. ஃப்ளோவில் கூடுதலாக ஒரு சொட்டு ஆன்ட்டிபாடி, இரண்டு மணி நேரத்தில் விடை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நாங்களும்தான்.

வாத்தியாருக்கு சி.டி. 38 எண் 62 வந்தது. அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடமே வந்துவிட்டார்.

"சார், இந்த 62 என்ன மார்க்கு? இதுல பாஸ் மார்க் எவ்வளவு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சொன்னேன்: "30-க்கு மேலே போனா நோய் கொஞ்சம் வேகமா இருக்கும்னு சொல்றாங்க சார். டாக்டர்கிட்ட பேசிக்குங்க."

அந்த வருஷமே மகளின் கல்யாணத்தை முடித்தார். பையன் படித்துக்கொண்டிருந்தான், பெண்ணும் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாளாம். வீட்டு மாடியில் பாதி எழுந்த சுவர் அப்படியே நின்றது. இதெல்லாம் பல வருஷம் கழித்து அவர் மகளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாக்கியத்தைச் சொன்னவன் நான். அன்று கையில் இருந்த அறிவுக்கு அதில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அது இன்றும் எனக்குள் உறுத்துகிறது.

ஏனென்றால் 2002-லேயே ஹாம்ப்ளின் குழு எச்சரித்திருந்தது: சி.டி. 38 ஜீனின் நிழல் அல்ல. கணிசமான பேரிடம் இரண்டும் ஒத்துப்போவதில்லை, நோய் நடக்கும் காலத்தில் அந்த எண்ணே மாறவும் செய்கிறது. அண்மையில் இரண்டாகப் பிரிந்த, சுறுசுறுப்பான அணுக்கள்தான் சி.டி. 38-ஐ அதிகம் ஏந்துகின்றன என்பது பிறகு விளங்கியது. அப்படியானால் அது நெற்றியில் எழுதிய எழுத்தல்ல, அன்றைய நாடித்துடிப்பு. வாத்தியாருக்கே 2011-ல் எடுத்தபோது 62 இருந்த இடத்தில் 35 இருந்தது.

சி.டி. 38 சரியில்லை என்றதும் எல்லோரும் ஸாப்-70 பக்கம் திரும்பினார்கள். டி அணுக்களுக்குள் வேலை பார்க்கும் ஒரு நொதி அது. மாறாத ஜீன் கொண்ட சி.எல்.எல். அணுக்களிலும் இருப்பதை ஜீன் ஆய்வுகள் காட்டின. 2003-ல் பார்சிலோனாவிலிருந்தும் 2004-ல் அமெரிக்காவிலிருந்தும் பெரிய ஆய்வுகள் வந்தன, இங்கே எல்லை 20 சதவீதம். ஆனால் ஸாப்-70 மேலுறையில் இல்லை, அணுவுக்குள்ளே இருக்கிறது. அணுவைத் துளையிட்டுச் சாயத்தை உள்ளே அனுப்பவேண்டும். குழாய் ஒரு நாள் தாமதமாக வந்தால் போச்சு. ஒரே ரத்தத்தை இரண்டு கூடங்களுக்கு அனுப்பினால் இரண்டு விடை. உண்மை இருந்தும் அளக்க முடியாததால் கைவிடப்பட்ட பரிசோதனை என்று அதைச் சொல்லலாம். பல இரவுகள் அதோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அதன் போக்கில் எனக்கு வருத்தமில்லை.

நின்றது சி.டி. 49டி. இத்தாலியின் அவியானோவில் காட்டெய் குழு 2008-ல் எடுத்துச் சொன்னது. 2014-ல் 2,972 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, ஃப்ளோவில் காணும் அடையாளங்களில் ஆயுளை மிகச் சரியாகக் கணித்தது அதுதான். எல்லை மறுபடியும் 30 சதவீதம். இதன் வேலையைப் புரிந்துகொண்டால் ஏன் என்பதும் புரியும். சி.டி. 49டி ஒரு கொக்கி. அணு ரத்தத்தில் சுற்றாமல் நெறிக்கட்டிக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் போய்ப் பிடித்துக்கொள்ள உதவுவது. அங்கே போன அணுவுக்குச் சோறும் உண்டு, பாதுகாப்பும் உண்டு, பெருகு என்ற கட்டளையும் உண்டு.

பெருகுவது என்ற சொல்லே இந்த நோயில் ஒரு காலத்தில் ஏற்கப்படாத சொல். 1967-ல் வில்லியம் டமெஷெக், இது பெருகும் நோயல்ல, தேங்கும் நோய் என்றார். வேலைக்காகாத லிம்ஃபோசைட்டுகள் சாகாமல் குளத்தில் நீர் சேர்வதுபோலச் சேர்ந்துவிடுகின்றன என்பது அவர் பார்வை. பல தலைமுறை மாணவர்கள் அதையே மனப்பாடம் செய்தார்கள். 2005-ல் லாங் ஐலண்டுக் குழுவினர் 19 நோயாளிகளுக்கு 84 நாள் கனநீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். புதிதாகப் பிறக்கும் அணுவின் டி.என்.ஏ.-வில் அந்தக் கன ஹைட்ரஜன் பதிந்துவிடும், எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு நாளும் மொத்த நோயணுக்களில் 0.1 சதவீதம் முதல் 1 சதவீதத்துக்கும் மேல் புதிதாகப் பிறந்துகொண்டிருந்தன. குளத்துக்குள்ளேயே ஊற்று இருந்திருக்கிறது.

இதற்கிடையே 2000-ல் ஜெர்மனியின் டோனரும் குழுவினரும் 325 நோயாளிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து ஒரு படிக்கட்டைக் காட்டினார்கள். 13-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் சிறு துண்டு மட்டும் குறைந்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 133 மாதம். 11-ல் குறைந்தால் 79. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், டி.பி. 53 என்ற காவல் ஜீன் இருக்கும் இடம் போய்விட்டால் 32 மாதம். கீமோதெரபி எதுவும் அந்தக் கடைசிப் படியில் நிற்பவர்களுக்கு எடுபடவில்லை. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது பேனா கனக்கும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அடையாளமாக இருந்த மேலுறைப் புரதங்களை மருந்துகள் முகவரியாக எடுத்துக்கொண்டன. சி.டி. 52-ஐத் தேடிப்போகும் அலெம்டுஸுமாப் 2001-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. கேம்பிரிட்ஜில் பிறந்ததால் அதன் பழைய பெயர் கேம்பாத். சி.டி. 20-ஐப் பிடிக்கும் ரிட்டுக்ஸிமாபை இரண்டு கீமோ மருந்துகளோடு சேர்த்து எஃப்.சி.ஆர். என்று கொடுத்தார்கள். 817 பேர் பங்கெடுத்த ஜெர்மானிய ஆய்வு, அதற்கு ஆயுளை நீட்டிக்கும் சக்தி உண்டு என்று 2010-ல் காட்டியது. இந்த நோயில் ஒரு மருந்துச் சேர்க்கை ஆயுளைக் கூட்டியதாக முதல்முறையாகத் தெளிவாக நிரூபணம் ஆனது அப்போதுதான். ஜீன் 'மாறியவர்கள்' எஃப்.சி.ஆருக்குப் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று டெக்ஸாஸ் மருத்துவர்கள் பார்த்தபோது, 12.8 வருஷம் கழித்தும் 53.9 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. மாறாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 8.7 சதவீதம்.

வாத்தியாருக்கு 2011-ல் கழுத்து நெறிகள் எலுமிச்சை அளவுக்கு வந்தன. 'ஏழு வருஷம் கூடுதலா கிடைச்சுது' என்று சொல்லிக்கொண்டே எஃப்.சி.ஆர். ஏற்றிக்கொண்டார். 2017-ல் நோய் திரும்பியது. அதற்குள் இப்ருடினிப் வந்துவிட்டிருந்தது. மேலுறையிலிருந்து உட்கருவுக்குப் போகும் 'வாழு, பெருகு' என்ற சேதியை நடுவழியில் பி.டி.கே. என்ற நொதியில் மறிக்கும் மாத்திரை. இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2014-ல் அனுமதி கிடைத்தது. மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் அவர் வெள்ளை அணு 90,000-லிருந்து 1,80,000-க்கு ஏறியது. மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். நெறிக்கட்டிக்குள் ஒளிந்திருந்த அணுக்கள் பிடி விட்டு ரத்தத்தில் வந்து விழுகின்றன, கழுத்தைத் தொட்டுப் பாரம்மா என்று சொன்னேன். எலுமிச்சைகள் மறைந்திருந்தன. சி.டி. 49டி அதிகமாக உள்ளவர்களிடம் இந்த ஏற்றம் குறைவு, கொக்கி எளிதில் விடுவதில்லை. அவருக்கு அது 12 சதவீதம்தான்.

டி.பி. 53 பழுதானவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த 32 மாதக்காரர்களை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இப்ருடினிபையே முதல் சிகிச்சையாகப் பெற்ற 34 பேரில், ஆறு வருஷம் கழித்தும் உயிரோடிருந்தவர்கள் 79 சதவீதம். 2020-ல் அந்த முடிவு வெளிவந்தது. குரோமோசோம் அதேதான், காணாமல்போன துண்டும் அதேதான். மருந்து மாறியதும் அந்த அடையாளத்தின் அர்த்தம் மாறிவிட்டது. 32 என்ற எண் அந்த மனிதர்களின் ஆயுள் அல்ல, அன்றைய மருந்தின் ஆயுள். இதை 2004-ல் நான் தெரிந்துவைத்திருந்தால் வாத்தியாரிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

2016-ல் 3,472 நோயாளிகளை வைத்து உலகக் குழு ஒன்று புதிய மதிப்பெண் முறை கொடுத்தது. டி.பி. 53, ஐ.ஜி.எச்.வி., ரத்தத்தில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், நோய் நிலை, வயது என்று ஐந்தே ஐந்து. சி.டி. 38 அதில் இல்லை, ஸாப்-70 இல்லை. ராயும் பினேயும் விரலால் தொட்டுச் சொன்னது இருக்கிறது. ஒரு காலத்தில் நாங்கள் பயந்த சி.டி. 38, மயலோமா என்ற வேறொரு ரத்தப் புற்றுநோயில் டாராடுமுமாப் மருந்துக்கு முகவரியாகிவிட்டது.

இன்று சிகிச்சை தொடங்கும் முன் டி.பி. 53-ம் ஐ.ஜி.எச்.வி.-யும் பார்த்தே ஆகவேண்டும் என்பது உலக வழிகாட்டுதல். நம் ஊரில் பலருக்கு அந்தப் பணம் புரட்ட முடிவதில்லை. பரிசோதனைக்கே கடன் வாங்கிவிட்டால் மாத்திரைக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஃப்ளோ எடுக்கும்போது சி.டி. 49டி-யையும் சேர்த்துவிடுங்கள், கூடுதல் செலவு கொஞ்சம்தான் என்று இளம் மருத்துவர்களிடம் நான் விடாமல் சொல்கிறேன். அதே இயந்திரத்தில் இன்று 10,000 அணுக்களில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு நோயணுவையும் தேடிப் பிடிக்கமுடிகிறது.

போன மாதக் குழாயில் வாத்தியாரின் வெள்ளை அணு 7,200. திரையில் மேல் வலது கட்டத்தில் மெல்லிய ஒரு கீற்று மட்டும் இருந்தது. மாடி கட்டி முடித்துவிட்டாராம், வாடகைக்கு விட்டிருக்கிறாராம்.

அன்று சாயங்காலம் பழைய ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2009-ல் எழுதிய கட்டுரை ஒன்று சில நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பிசகு என்று ஒதுக்கிய அந்தச் சிதைந்த அணுக்களை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தார்கள். ஸ்லைடில் 30 சதவீதத்துக்கு மேல் அவை இருந்தவர்களில் 80 சதவீதம் பேர் பத்து வருஷம் தாண்டியிருந்தார்கள், குறைவாக இருந்தவர்களில் 50 சதவீதம். அணுவுக்கு உள்ளிருந்து விறைப்புக் கொடுக்கும் விமென்டின் என்ற புரதம் குறைந்தவைதான் எளிதில் உடைகின்றன, அது குறைந்த நோய்க்கு வேகமும் குறைவு. ஒரு ஸ்லைடு, ஒரு சொட்டுச் சாயம், எண்ணுவதற்குப் பொறுமை. வேறு செலவில்லை.

2004-ஆம் வருஷத்து வாத்தியார் ஸ்லைடு இருந்தது. சாயம் வெளுத்திருந்தாலும் பார்க்கமுடிந்தது. எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கி, முழு அணுக்களும் சிதைந்தவையுமாக 200 எண்ணினேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன். சிதைந்தவை 74.

அன்று நான் அவற்றை எண்ணவே இல்லை.